காப்பு கட்டிய கை

என் வீட்டுக்காரர் விழுந்த நேரம் காலை ஆறு இருபது. இதை நான் அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் விடியக்காலம் என்பார்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் என்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த ஊரில் அப்போது கைக்கடிகாரம் கட்டிய பொம்பளை நான் ஒருத்திதான். அதற்காக என்னைக் கேலி பேசாத ஆள் கிடையாது. மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கூட வேண்டுமென்றே நின்று, "டீச்சர், மணி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். கேலியையும் வாங்கிக்கொண்டு மணியையும் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசி. மானகிரியைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் ஆண்பிள்ளைகள் காரைக்குடிக்குச் சித்தாள் வேலைக்குப் போவார்கள். அந்த வருஷத்தோடு கண்மாய் நிறையாமல் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். அவர்கள் பயந்து போயிருந்தவர்கள், அவ்வளவுதான்.

பங்குனியில் அம்மன் திருவிழா. ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி, அடுத்த வாரம் புதன்கிழமை பால்குடம் முடிந்ததும் அவிழ்ப்பார்கள். காப்பு என்றால் மஞ்சளில் நனைத்த நூல், நடுவில் ஒரு விரலி மஞ்சள். ஊர் முழுவதற்குமாகச் சேர்த்து அதை ஒருவர் வலது கையில் கட்டிக்கொள்வார். அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு. மாமனார் இருந்தவரை அவர் கட்டினார், அவருக்குப் பிறகு மூத்த மகன் என்று என் வீட்டுக்காரர் கட்டினார். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. காப்பைக் கையில் கட்டியவரோ எல்லைக்கல்லையே தாண்டக் கூடாது. தாண்டினால் திருவிழா அதோடு நின்றுவிடும், மழையும் ஊரை விட்டுப் போய்விடும் என்பது நம்பிக்கை.

அந்த ஒன்பது நாளைக்கு அவர் ஊருக்குச் சொந்தம், எனக்கு இல்லை. தரையில்தான் படுக்கை. ஒரு வேளைதான் சாப்பாடு. விடிந்ததும் கிணற்றில் குளித்து, ஈரவேட்டியோடு கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். என் புத்தி அந்த மட்டுக்கும்தான் வேலை செய்தது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கிணற்றடியில் வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினேன். அவர் துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "கை மரத்துருச்சு" என்றார். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரிக் குழறியது, ஆனால் விளங்கியது. கொழுந்தனார் வந்து தோள் கொடுத்தார். என் வீட்டுக்காரர் நடந்துதான் வீட்டுக்குள் வந்தார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தாலும் தன் காலால் நடந்து வந்தார். இதை மறந்துவிடாதீர்கள். நான் இன்றுவரை மறக்கவில்லை.

பட்டாசாலையில் படுக்க வைத்தோம். என் மாமியார் ஓடிவந்து பார்த்தாள். பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிட்டாள். மகனுக்கு அம்மன் இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. செம்பில் தண்ணீர் எடுத்துத் திருநீற்றைக் கரைத்து அவர் வாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது, பாதி புரையேறியது. முகமெல்லாம் கறுத்து, கண் பிதுங்கி இருமினார். நான் செம்பைத் தட்டிவிட்டு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"ஏத்தா, சாமி தண்ணியையா தட்டிவிடுற?" என்றாள்.

"சாமியும் இல்ல, காத்துக்கறுப்பும் இல்ல அயித்தை. இது வாதம். எங்கப்பாவுக்கு வந்தது."

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கப்பா இப்படித்தான் விழுந்தார். கை கால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தம் தேய்த்தால் சூடு ஏறி நரம்பு எழுந்துகொள்ளும் என்று நாளுக்கு இரண்டு புறாவாகப் பிடித்துவந்து அறுத்துத் தேய்த்தார்கள். வீடெல்லாம் இறகு. அப்பாவுக்கு மூச்சு குறட்டை மாதிரி இழுத்தது. அசந்து தூங்குகிறார், நல்லதுதான் என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒரு கம்பவுண்டர், "ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுவரல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் வயிற்றில் அப்படியே கிடந்தது.

அதனால் கொழுந்தனாரிடம், "தம்பி, காரைக்குடிக்குப் போய் டாக்டரைக் கூட்டியாங்க" என்றேன். அவர் நல்லவர், அண்ணன் மேல் உயிர். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேர்வை சொட்டப் போனார். ஆனால் நான் செய்த முதல் தப்பு அதுதான். டாக்டரைக் கூட்டி வா என்றேனே தவிர, வண்டியைக் கொண்டு வா என்று சொல்லவில்லை. காப்பு கட்டிய கை எல்லை தாண்டாது என்று என் வாயும் பழகிப்போயிருந்தது. படித்தவள், டீச்சர், வாட்ச் கட்டியவள் என்ற பெருமையெல்லாம் அந்த இடத்தில் உதவிக்கு வரவில்லை.

அவர் போன சமயத்தில் டாக்டரிடம் கூட்டம். காத்திருந்து சொல்லியிருக்கிறார். "நான் அங்க வந்து என்ன செய்ய? பெட்டிக்குள்ள ஆஸ்பத்திரியையா தூக்கிட்டு வர முடியும்? உடனே கூட்டிட்டு வாங்க" என்றாராம் டாக்டர். கொழுந்தனார் அந்த மட்டுக்கும் சமயோசிதமாக ஒரு வாடகைக் காரைப் பேசி, சைக்கிளை அதன் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கார் வந்தபோது மணி பத்து பத்து. வலது கையைத் தூக்கினால் பொத்தென்று விழுந்தது. கால் இன்னும் அசைந்தது. ஒன்றிரண்டு சொல் வந்தது.

கார் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. முன்னால் அம்பலம் வந்தார். ஊர்த் தலைவரை எங்கள் பக்கம் அம்பலம் என்போம். நிதானமான மனுஷர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"டீச்சர், காப்பு கட்டுன கை. எப்படி எல்லை தாண்டுறது? இவ்வளவு பேரு பச்சைத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்காக. மூணு வருசமாக் கண்மாய் கெடக்குற கெடப்பு ஒங்களுக்கும் தெரியும்."

"வேற யாரு விழுந்திருந்தாலும் இந்நேரம் காருல ஏத்தியிருப்பீக மாமா."

"ஏத்தியிருப்போம். காப்பு கட்டலைன்னா ஏத்தியிருப்போம்."

கொழுந்தனார் அழுதுகொண்டே, "அம்மாகிட்ட பூப்போட்டுக் கேப்போம் மதினி. உத்தரவு குடுத்துட்டா ஒரு வில்லங்கமும் இல்ல" என்றார். பூப்போடுவது என்றால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி என்று தலையாட்டினேன். வெள்ளைப் பூதான் வரும் என்று நம்பினேன். அம்மனுக்கு என் மேல் இரக்கம் இல்லாமலா போகும் என்று நினைத்தேன். பூசாரி வயல் பக்கம் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, அவர் குளித்து, ஈரத்துணியோடு நடை திறந்து, பூ மடித்துப் போட்டபோது மணி பதினொன்றே முக்கால். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குட்டிப் பெண்தான் எடுத்தாள். பிரித்தார்கள். அரளி, நல்ல சிவப்பு. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

திரும்பி வந்தால், அவருடைய இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் காப்பைத் தடவித் தடவிப் பார்த்தன. பேச்சு நின்றுவிட்டது. வெறும் சத்தம்தான் வந்தது. அம்பலம் குனிந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"பாத்தீகளா டீச்சர்? இந்த நெலமையிலயும் காப்பை விடமாட்டேங்கிறாரு. அவரு மனசுல எல்லை தாண்டுற எண்ணமே இல்ல. நாம எப்படி அதை மீறுறது?"

கூடி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் அதை நம்பினேன். அவர் அப்படிப்பட்டவர்தான். திருவிழாச் சமயத்தில் காய்ச்சலோடு போய்த் தண்ணீர் ஊற்றியவர். நாளைக்கு எழுந்து, "யாரைக் கேட்டுடி என்னை எல்லை தாண்ட வச்ச?" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்தால்தானே கேட்பார் என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தேன். கால் இப்போது அசையவில்லை.

கார் டிரைவர் ஒரு வயசான முஸ்லிம். வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு இரண்டரை மணி நேரமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தாயி, ஒங்க சாமி விசயத்துல நான் வாய் தொறக்கக் கூடாது. ஆனா ஒங்க வீட்டுக்காரரு மூச்சு எனக்கு இங்குட்டு வரைக்கும் கேக்குது. போய்க் காதை வச்சுக் கேளுங்க."

ஓடினேன். குறட்டை மாதிரி இழுத்தது. எங்கப்பாவின் மூச்சு அது. யாரோ ஒருத்தி என் பின்னால் நின்று, "அசந்து தூங்குறாக, தூங்கட்டும்" என்றாள். இன்னொருத்தர், "புறாப் பிடிக்க ஆள் போயிருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மாமியாரின் வெற்றிலைப் பெட்டி பக்கத்தில் இருந்தது. பாக்குவெட்டியை எடுத்தேன். அவர் மணிக்கட்டைத் தூக்கி, நூலுக்குள் அதை விட்டு நறுக்கென்று ஒரே வெட்டாக வெட்டினேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். "அடி பாவி, எம் பிள்ளையையும் ஊரையும் சேத்துக் கொன்னுட்டியே!" அலறிக்கொண்டே, காப்பு தரையில் விழுவதற்குள் அதைக் கையில் ஏந்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு சின்ன மகனின் கையைப் பிடித்து இழுத்து, அறுந்த நூலை முடிச்சுப் போட்டு அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்ன பாக்குறீக? இவனும் எம் வயித்துல பொறந்தவன்தான். காப்பு எங்க வீட்டுக் கையிலதான் இருக்கு. மூத்தவனைத் தூக்குங்கப்பா!"

அவ்வளவுதான் விஷயம். தம்பி கையில் கட்டியிருக்கலாம். காலை ஆறரை மணிக்கே கட்டியிருக்கலாம். இத்தனை பெரியவர்கள், ஒரு டீச்சர், ஒரு பூசாரி, ஒருவருக்கும் தோன்றாத யோசனை அது. எங்கள் வீட்டில் எழுத்து வாசனை இல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் காப்பு அறுந்து கையில் விழுந்த பிறகுதான் தோன்றியது.

நான்கு பேர் கட்டிலோடு தூக்கினார்கள். சற்று முன்னால் வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள்தான் தூக்கினார்கள், அதையும் சொல்லவேண்டும். மாமியார் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது மணி ஒன்று ஐந்து. காரைக்குடி போய்ச் சேர்ந்தபோது ஒன்று நாற்பது. வழியில் ஒரு தடங்கலும் இல்லை. முப்பத்தைந்து நிமிஷத் தூரத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஏழு மணி நேரம்.

டாக்டர் கண்ணை விலக்கிப் பார்த்தார், உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எப்ப விழுந்தாரு?" என்று கேட்டார்.

"இப்பத்தானய்யா. சோறு திங்கிற நேரத்துல" என்றாள் மாமியார். ஊர் மானம் போய்விடக் கூடாது அவளுக்கு.

"ஆறு இருபதுக்கு" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஏம்மா, வாட்ச் வேற கட்டியிருக்கீங்க" என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊசி போட்டுவிட்டு, இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார். அதே கார். அந்த டிரைவர் மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. மதுரையில் இருபத்தாறு நாள் கிடந்தோம். காலையில் புரையேறிய தண்ணீர் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. முதல் ஒரு வாரம் அதற்கே சரியாகப் போயிற்று. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி விட்டார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன், காலையிலேயே வந்திருந்தால் முழுசாகக் குணமாகியிருக்குமா என்று. "அப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேம்மா. அடைச்ச ரத்தக்குழாயைத் திறக்க எங்ககிட்டயும் மருந்து கிடையாது. ஆனா ரத்த அழுத்தத்தைக் காலையிலேயே பாத்திருப்போம். நெஞ்சுக்குத் தண்ணி போயிருக்காது. காலையில அவர் நடந்தாருன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஊர் திரும்பினோம். திருவிழா ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. அந்த வருஷம் கண்மாய் பாதி நிறைந்தது. நிறைந்த பாதியை அம்மன் கணக்கிலும் நிறையாத பாதியை என் கணக்கிலும் எழுதினார்கள். கிணற்றடியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். போகட்டும் என்று இருந்தேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அவருடைய வலது கையை அதில் மாட்டி, இடது கையால் இழுக்க வைத்தேன். காலையில் நூறு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து நூறு தடவை. முடியாது என்று தலையை ஆட்டுவார். முடியும் என்று நான் தலையை ஆட்டுவேன். கோபத்தில் ஒருநாள் இடது கையால் சோற்றுத் தட்டை வீசினார். நன்றாக வீசுகிறீர்கள், இதே பலத்தோடு கயிற்றை இழுங்கள் என்றேன். ஆடி மாதத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். ஐப்பசியில் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். பேச்சு மட்டும் திரும்ப மறுத்தது. திரும்பிய கொஞ்சமும் உடைந்து உடைந்து வந்தது. அது எனக்கு மட்டும்தான் விளங்கியது.

பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்தேன். வாய்ப்பாடு சொல்லி முடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று இன்னொரு பாடமும் சொல்ல வேண்டும். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை விழுந்தால், மணியைப் பார், வண்டியைப் பிடி, வாயில் ஒன்றும் ஊற்றாதே. நாற்பது பிள்ளைகளும் ராகம் போட்டுக் கத்துவார்கள். காலங்காத்தாலே அபசகுனமாக இதென்ன பாட்டு என்று இரண்டு மூன்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். நீங்களும் சேர்ந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். நிறுத்தவில்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். மற்றவர்களைப் பார்த்து, இழுத்த வாயால் சிரிப்பார். என்னைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். காப்பை அறுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மாசி மாதம் ஒரு சாயங்காலம், சட்டை மாட்டிவிடும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"காப்பை அறுத்ததுக்கு எம்மேல கோவமா இருக்கீகளா?"

அவர் திகைத்துப் போனார். தலையை வேகமாக ஆட்டினார். இடது கையை வலது மணிக்கட்டுக்குக் கொண்டுபோய், விரலால் நெம்பிக் காட்டினார். "அவுக்க... அவுக்கத்தான்... பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அன்றைக்கு அவர் காப்பைத் தடவிக் கும்பிடவில்லை. அதை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார். எங்கள் பேச்சு, அம்பலத்தின் பேச்சு, பூ விஷயம் எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சொல்ல வாய் வராமல், இருந்த ஒரு கையால் தன் உயிரைத் தானே அவிழ்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். நாங்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறோம். அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. இந்த ஊரைச் சும்மா விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அடுத்த பங்குனி நெருங்கியது. காப்புக் கட்டுவது பற்றிப் பேச மந்தைப் பொட்டலில் ஊர்க்கூட்டம். இந்த முறையும் தம்பியே கட்டட்டும் என்று பேச்சு. பொம்பளைகள் அந்தக் கூட்டத்தில் உட்காரும் வழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு, வா என்று என் பக்கம் தலையசைத்தார். கூடவே போனேன். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் நடுவில் போய் நின்று பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு அம்பலம் தயங்கினார்.

"வெளங்கலையேப்பா. டீச்சர், அவரு சொல்றதை நீங்க எடுத்துச் சொல்லுங்க."

அப்படித்தான் எங்கள் ஊர் மந்தையில் ஒரு பொம்பளையின் குரல் முதல்முதலாகக் கேட்டது. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்வேன்.

"அன்னைக்கு நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். காப்பை அவுக்கச் சொல்லித்தான் கையைக் காட்டுனேன். நீங்க அதைப் பக்தின்னீக."

அம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று இருந்தது.

"இனிமே காப்பை ரெண்டு பேரு கட்டணும். ஒருத்தருக்கு முடியலைன்னா அந்த நிமிசமே கழட்டிட்டுத் தூக்கிட்டுப் போகணும். பூப்போடக் கூடாது. யாரையும் கேக்கக் கூடாது."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அதுக்கு எதுக்குங்க புதுசா ஒரு சட்டம்? இப்பத்தான் எல்லாருக்கும் புத்தி வந்துருச்சுல்ல. இனிமே அப்படி ஒண்ணு நடந்தா நாங்க சும்மா நிப்பமா?" பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சரி என்று கூட்டம் கலைகிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் கம்பால் தரையைத் தட்டினார். என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாகப் பார்க்காத முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். அதிக நேரம் எடுத்தது. கேட்கக் கேட்க எனக்கு ஏன் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டே இருந்தார் என்று விளங்கியது.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். முழுங்கியிருக்கலாம். அவரைத் தவிர அது யாருக்கும் தெரிந்திருக்காது.

"என்ன டீச்சர் சொல்றாரு?" என்றார் அம்பலம்.

வகுப்பில் பேசுகிற குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

"எம் பொண்டாட்டிக்கு இது என்ன சீக்குன்னு தெரியும். நேரமாக ஆகக் கெடும்னு தெரியும். அவ அப்பாவே இதுலதான் போனாரு. அவளும் மத்தியானம் வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா. நான் அவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், இப்ப அறுப்பா, இப்ப அறுப்பான்னு. எல்லாம் தெரிஞ்சவளே அம்புட்டு நேரம் நின்னான்னா, நீங்க நிப்பீக. அதுக்குத்தான் சட்டம் கேக்குறேன்."

அம்பலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கா, டீச்சர்?"

"அவுக சொல்றது நெசம். சட்டம் போடுங்க" என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் கையில் காப்புக் கட்டினார்கள்.